பாரம் இறங்கும் இடம்

மனித முதுகெலும்பில் தனித்தனியாக அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5. தரையில் கிடப்பது நெல் மூட்டையானாலும் ஜிம்மின் இரும்புப் பாரானாலும், அதைத் தூக்கும்போது பாரம் கடைசியில் வந்து இறங்கும் இடம் கீழ்முதுகின் அடியில் இருக்கும் நான்காவது, ஐந்தாவது எலும்புகள். அவற்றுக்குக் கீழே உள்ள எலும்பு இடுப்புக்கூட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதற்கு அசைய இடமில்லை. மேலே நெஞ்சுப் பகுதியை விலா எலும்புகள் கட்டி வைத்திருப்பதால் அங்கும் அசைவு குறைவு. அசையாத இரண்டுக்கும் நடுவில் அசைவையும் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும் கணு இது. அதிக எடை தூக்குவோருக்கு வரும் முதுகுக் காயங்களில் பெரும்பாலானவை இந்தக் கணுவைச் சுற்றித்தான் வருகின்றன.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு வட்டு இருக்கிறது. பேச்சு வழக்கில் அதை ‘டிஸ்க்’ என்கிறார்கள், ‘ஜவ்வு’ என்கிறார்கள். வெளியே நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். நார் வளையத்தில் 15 முதல் 25 அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாயும், ஓலைப்பெட்டி முடைந்ததுபோல. மேலிருந்து நேராக அழுத்தினால் இந்த அமைப்பு வியக்கத்தக்க அளவு தாங்கும். அழுத்தத்தோடு வளைவும் சேரும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படுகிறது.

‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று ஊரெங்கும் சொல்கிறார்கள். இந்தச் சொல் நோயாளியை வீணாகப் பயமுறுத்துகிறது. வட்டு எங்கும் விலகிப் போவதில்லை. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் அது ஒட்டியே இருக்கிறது. நார் வளையத்தின் பின்புறம் அடுக்கடுக்காக விரிசல் விடுகிறது. அந்த விரிசல் வழியே உள்ளிருக்கும் கூழ் பின்னோக்கிப் பிதுங்குகிறது. அங்கே காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருந்தால், பிதுங்கிய கூழ் அதை அழுத்தும், எரிச்சலூட்டும். புட்டத்தில் தொடங்கிப் பின்னந்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுண்டி இழுக்கும் வலி இப்படித்தான் வருகிறது. மருத்துவர்கள் சயாட்டிக்கா என்பது இதைத்தான்.

எல்லா முதுகுவலியும் வட்டிலிருந்து வருவதல்ல. பாரம் தூக்கியவுடன் ‘மூச்சுப் பிடிச்சுக்கிச்சு’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தசை இறுக்கம். நிமிர முடியாது, திரும்ப முடியாது, ஆழ்ந்து மூச்சு இழுக்கக்கூட முடியாது. ஆனாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இந்தப் பிடிப்பைவிட, முதலில் லேசாக வலித்துவிட்டு மாதக்கணக்கில் வளரும் வட்டுக் காயமே கவலைக்குரியது. வட்டுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தை நம்பியே அது வாழ்கிறது. அதனால் தசை சில வாரங்களில் வலுவடையும். வட்டும் தசைநாரும் அதே வேகத்தில் வலுவடையா. முதல் நான்கைந்து மாதங்களில் வாரத்துக்கு வாரம் எடையை ஏற்றிக்கொண்டே போகும் இளைஞனின் கையும் தொடையும் ‘இன்னும் போடலாம்’ என்றுதான் சொல்லும். முதுகின் உள்ளிருக்கும் பாகங்கள் அப்போது பின்தங்கி இருக்கும்.

தூரம்தான் எடை

பாரில் எத்தனை கிலோ இருக்கிறது என்பது கணக்கின் பாதி. முதுகெலும்பிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மறுபாதி. கிணற்றில் ஏற்றம் இறைத்த தலைமுறைக்கு நெம்புகோல் கணக்கைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்முதுகைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில் வேலை செய்கின்றன. 100 கிலோ பார் அதே மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் 800 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் வட்டின் மேல் அழுத்தமாக இறங்கும். பார் இன்னும் 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம், முன்னால் நகர்ந்தால் மேலும் 100 கிலோ கூடும். பிளேட் எதுவும் ஏற்றாமலே கூடும்.

இது வெறும் தாள் கணக்கல்ல. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் சக ஆய்வாளர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஒருவரின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகா பாஸ்கல். நிற்கும்போது 0.5. முதுகைக் கூன்போட்டு வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது 2.3. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தபோது 1.1. கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 0.2 மெகா பாஸ்கல் என்று நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் அளவு புரியும். அளக்கப்பட்டவர் ஒருவர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எடை ஒன்று, ஆள் ஒருவர், வட்டின் மேல் இறங்கும் அழுத்தம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஜிம்மில் ‘ஃபார்ம்’ என்று சொல்வதன் உட்பொருள் இதுதான். அது பார்வைக்கு அழகாகத் தூக்குவதற்கான விதியல்ல, தூரத்தைக் குறைக்கும் வழி.

போட்டி அளவில் இந்த எண்கள் எங்கே போகின்றன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1991-ல் கனடா ஆய்வாளர்கள், பவர்லிஃப்டிங் வீரர்கள் பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டைச் செய்யும்போது அடி வட்டில் இறங்கும் அழுத்தத்தைக் கணித்தார்கள். உச்சமாக வந்தது 17,192 நியூட்டன். ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். அந்த வீரர்களின் முதுகு முறியவில்லை. பல வருடப் பயிற்சி அவர்களுடைய எலும்பையும் தசையையும் அதற்குத் தயார்ப்படுத்தியிருந்தது.

வளைந்த முதுகு எவ்வளவு ஆபத்து என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில்லின் ஆய்வுக்கூடம், பன்றி முதுகெலும்புகளை அழுத்தத்தின் கீழ் ஆயிரக்கணக்கான முறை வளைத்து நிமிர்த்தி, வட்டு மெல்ல மெல்லப் பிதுங்குவதைக் காட்டியது. மறுபக்கம், 2020-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உயிருள்ள மனிதர்களிடம் முதுகை வளைத்துத் தூக்குவதாலேயே வலி தொடங்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுக்கூடத்து எலும்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் சக்தி இல்லை; உயிருள்ள முதுகுக்கு உண்டு. அதனால் கீழே விழுந்த பேனாவை எடுக்கவும் முதுகை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று பயப்படுவது தேவையற்றது. ஒருவருடைய சக்தியின் எல்லைக்கு அருகில் இருக்கும் எடையைத் தூக்குவது வேறு விஷயம். அங்கே சரிசெய்துகொள்ள அவகாசம் இல்லை.

தென்மாவட்டக் கிராமங்களின் இளவட்டக்கல் இந்த விவாதத்துக்கு ஒரு நல்ல உதாரணம். உருண்டையான, பிடிமானம் இல்லாத கல். முதுகை நேராக வைத்து அதைத் தூக்கவே முடியாது. குனிந்து, கையைக் கீழே கொடுத்து, கட்டிப்பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் தூக்குபவர் முதலில் கல்லை மடிக்கு ஏற்றுகிறார். அங்கே ஒரு நொடி நிறுத்தி, வயிற்றோடு அணைத்து, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோகிறார். முதுகு வளைந்திருந்தாலும் கல் உடம்பை விட்டு அகலுவதில்லை. தூரத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அந்த விளையாட்டு தானாகவே கற்றுவைத்திருந்தது.

டெட்லிஃப்ட், கிட்டத்திலிருந்து

டெட்லிஃப்டில் பெரும்பாலான தவறுகள் பார் தரையை விட்டு எழும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. பார் இருக்க வேண்டிய இடம் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில். பலர் அரை அடி தள்ளி நின்று கை நீட்டி எடுக்கிறார்கள். பாரைப் பிடித்தபின் முழங்கால் முன்வந்து முன்னெலும்பு பாரைத் தொட வேண்டும். நெஞ்சு நிமிர வேண்டும். கைகள் கயிறுபோல நீண்டு தொங்க வேண்டும். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டதுபோல மேற்கையை விலாவோடு இறுக்கினால், முதுகின் அகன்ற தசைகள் விழித்துக்கொண்டு பாரைக் காலோடு ஒட்டி இழுக்கும். அதன்பின் பாரை மெல்ல மேல்நோக்கி இழுத்து அதிலுள்ள தளர்ச்சியை எடுக்க வேண்டும். பிளேட்டின் துளையில் பார் ஒட்டும்போது ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்கும். அந்த ஓசைக்குப் பிறகுதான் உண்மையான இழுப்பு. ஓசை வருவதற்கு முன்பே வெட்டி இழுப்பவரின் முதுகு முதல் நொடியிலேயே வளைந்துகொடுத்துவிடும்.

இழுக்கும்போது பின்பக்கமும் தோளும் ஒரே வேகத்தில் எழ வேண்டும். களைப்பு வந்தால் பின்பக்கம் முந்திக்கொண்டு எழும். தோள் அதே இடத்தில் நிற்கும். முதுகு தரைக்கு இணையாகச் சாயும். பார் முன்னெலும்பை விட்டு ஓரங்குலம், ஈரங்குலம் விலகும். ஐந்து முறை தூக்கும் செட்டில் முதல் மூன்றும் ஒரே அச்சாக இருந்து, நான்காவதில் பார் லேசாக விலகி, ஐந்தாவதில் முதுகு கூன்போடுவதைப் பக்கவாட்டில் வைத்த மொபைல் கேமரா தெளிவாகக் காட்டும். தூக்குபவருக்கு அது தெரியாது. அவருக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் தோன்றும். செட் முடிந்தது நான்காவதில். ஐந்தாவதை எண்ணிக்கையில் சேர்க்கும் பழக்கமே பல காயங்களுக்குத் தாய்.

இங்கே தமிழில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. கீழ்முதுகுக்கும் இடுப்பு மூட்டுக்கும் பேச்சில் ஒரே பெயர்: இடுப்பு. மாஸ்டர் ‘இடுப்பை மடக்கு’ என்கிறார். பையன் கீழ்முதுகை வளைக்கிறான். அவர் சொன்னது தொடை எலும்பு உடலோடு சேரும் மூட்டை. ‘குனி’ என்ற சொல்லும் இதே குழப்பத்தைத்தான் தரும். ‘பின்பக்கத்தைப் பின்னால் தள்ளு’ என்பது நல்ல கட்டளை. கை நிறையச் சாமான் இருக்கும்போது பின்னால் இருக்கும் கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூடுவது யாருக்கும் சொல்லித்தராமலே வரும் அசைவு. இதைப் பழக ஒரு கம்பு போதும். கம்பை முதுகின் மேல் நெடுக வைத்து, பின்தலை, தோள்பட்டைகளின் நடு, புட்டத்தின் மேல்பகுதி என்ற மூன்று இடமும் அதைத் தொட்டபடி முன்னால் சாய வேண்டும். ஓரிடம் கம்பை விட்டு விலகினால் வளைந்தது முதுகு, மூட்டு அல்ல. எடையே இல்லாமல் இதை இரண்டு வாரம் பழகியபின் பாரைத் தொடுபவர் எத்தனையோ தொல்லைகளிலிருந்து தப்புகிறார்.

பார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். எனவே பாரின் மையம் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சிறிய ஊர்களின் ஜிம்மில் இருக்கும் 10 கிலோ இரும்புப் பிளேட்டுகள் அதைவிடச் சிறியவை. அவற்றைப் போட்டுத் தரையிலிருந்து தூக்குபவர் போட்டி வீரரைவிடத் தாழக் குனிகிறார். பின்னந்தொடை இறுகியவருக்கு அந்தக் கூடுதல் தாழ்வு முதுகிலிருந்துதான் கிடைக்கும். இதற்கான தீர்வு எளிது: பிளேட்டுக்குக் கீழே மரக்கட்டையோ வேறு பிளேட்டோ வைத்து உயர்த்திக்கொள்வது.

சாலையோரச் சுமைதாங்கிக் கற்களை நட்டவர்கள் இந்த உண்மையை அறிந்திருந்தார்கள். வழிநடைக்காரர் களைத்தால் தலைச்சுமையைத் தரையில் இறக்காமல் ஏறத்தாழ தோள் உயரக் கல்லின் மேல் சாய்த்து வைப்பார். இளைப்பாறியபின் குனியாமல் திரும்ப ஏற்றிக்கொள்வார். தலையில் இருக்கும் சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கிறது. முன்னால் தூரம் ஏதும் இல்லை. ஆபத்து அதைத் தரையிலிருந்து எடுக்கும் நேரத்தில்தான். அதனால்தான் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு ‘ஒரு கை தூக்கிவிடுங்க’ என்று கேட்கும் வழக்கம் வந்தது. ஜிம்மில், தோளில் பாரை வைத்துக் குந்தி எழும் ஸ்குவாட்டுக்கான தாங்கி இதே வேலையைத்தான் செய்கிறது. அதைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தாமல், குதிகால் தூக்கி எட்டி எடுக்கும் உயரத்தில் வைப்பது ஆரம்பத்திலேயே முதுகைத் தடுமாற வைக்கும்.

இந்திய தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் 34-வது பிரிவு, காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு கனத்தைத் தொழிலாளியைத் தூக்கவைக்கக் கூடாது என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவை எல்லையாகச் சொன்னது. சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதை நாள் முழுக்க லாரியிலிருந்து இறக்குபவருக்குச் செட்டுக்கு நடுவே ஓய்வும் இல்லை, எடையைக் குறைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. முதுகுக் காயத்தைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் அவரை நினைக்காமல் கடந்துபோவது நியாயமல்ல.

முழங்காலைக் காப்பாற்றப்போய்

ஸ்குவாட் என்பது தண்டால், பஸ்கி காலத்திலிருந்தே இங்கே பழக்கமானது. தோளில் பார் ஏறியதுதான் புதிது. அதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை, முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்பது. 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பலகையை முன்னால் வைத்து முழங்காலை நகரவிடாமல் தடுத்து ஸ்குவாட் செய்யவைத்தது. முழங்காலின் மேல் விழும் திருகுவிசை 22 சதவீதம் குறைந்தது. இடுப்பு மூட்டில் அதே விசை 28 நியூட்டன்மீட்டரிலிருந்து 303-ஆக, பத்து மடங்குக்கு மேல், உயர்ந்தது. முழங்கால் முன்னால் போகாவிட்டால் உடல் கவிழாமல் இருக்க நெஞ்சு முன்னால் சாய்ந்தே ஆக வேண்டும். சாய்ந்த நெஞ்சின் பாரத்தைக் கீழ்முதுகு வாங்கிக்கொள்கிறது. உயரமானவர்களுக்கும் தொடை நீண்டவர்களுக்கும் முழங்கால் விரலைத் தாண்டுவது இயல்பு. குதிகால் தரையில் பதிந்திருந்தால் போதும்.

அடியில் போகும்போது பின்பக்கம் உள்ளே மடங்கிக் கீழ்முதுகு சுருள்வது இன்னொரு தவறு. தரையில் குந்தி உட்கார்ந்து பழகிய உடம்புக்கு இது குறைவு. நாற்காலியிலேயே வளர்ந்த தலைமுறையின் கணுக்கால் இறுகிக் கிடப்பதால், ஆழம் போக வழியில்லாமல் முதுகு மடங்குகிறது. கணுக்கால் தளரும் வரை குதிகாலின் கீழ் மெல்லிய கட்டை வைப்பதும், முதுகு மடங்கத் தொடங்கும் இடத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்வதும் போதும்.

மூச்சு, முதுகின் முன்புறத் தூண். தூக்கும் முன் வயிற்றுக்குள் காற்றை இழுத்து, இருமும்போது இறுகுவதுபோல வயிற்றைச் சுற்றிலும் இறுக்கினால், உள்ளழுத்தம் கூடி முதுகெலும்பு முன்னாலும் தாங்கப்படும். கடினமான இடத்தைத் தாண்டியபின் காற்றை விடலாம். இதற்கு ஒரு விலை உண்டு. 1985-ல் கனடாவில் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே அளந்தபோது, மூச்சை அடக்கி இரண்டு கால்களாலும் எடை தள்ளுகையில் ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. ஆரோக்கியமானவருக்கு அது சில நொடிகளில் இறங்கிவிடும். ரத்தக் கொதிப்பு, இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மூச்சடக்கித் தூக்கக் கூடாது.

பெல்ட் பற்றி இரண்டு வரி போதும். வயிற்றை எதிர்த்து இறுக்க ஒரு சுவர் தருவதே அதன் வேலை; வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்கு அது வெறும் தோல் பட்டை. அமெரிக்காவில் 160 கடைகளின் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஆய்வு, பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வித்தியாசம் இல்லை என்று கண்டது.

நேரமும் ஒரு காரணி. இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் மனிதர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய வட்டு வளைவை விரும்பாது. 1987-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரே அளவு குனிந்தாலும் மாலையைவிட அதிகாலையில் வட்டின் மேல் விழும் வளைவு அழுத்தம் சுமார் 300 சதவீதமும், பின்புறத் தசைநார்களில் 80 சதவீதமும் அதிகம். காலை ஐந்தரைக்கு ஜிம் கதவு திறந்ததும் நேராக டெட்லிஃப்டுக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடியபின், கனமான பாரை அன்றைய பயிற்சியின் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வளைந்த முதுகு

முன்னால் வளைவது மட்டுமே காயம் தருவதல்ல. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்குதலில் மூன்று பிரிவுகள் இருந்தன. ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகியவற்றோடு, பாரைத் தோளிலிருந்து கைகளின் பலத்தால் மட்டும் தலைக்கு மேல் தள்ளும் ‘பிரெஸ்’ மூன்றாவது. எடை கூடக்கூட வீரர்கள் பின்னால் வளையத் தொடங்கினார்கள்; கடைசியில் அது நின்றபடி செய்யும் பெஞ்ச் பிரெஸ்போல ஆகிவிட்டது. எது முறையானது என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. முதுகுக்கு ஆபத்து என்ற கவலையும் சேர்ந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்தப் பிரிவையே நீக்கினார்கள்.

பின்னால் வளையும்போது முள்ளெலும்பின் பின்புற மூட்டுகள் ஒன்றையொன்று இடிக்கின்றன. அவற்றை இணைக்கும் மெல்லிய எலும்புப் பாலத்தில், கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வரும் விரிசல்போல ஒரு முறிவு வரும். 1971-ல் ஜப்பானிய மருத்துவர்கள் பளுதூக்கும் வீரர்கள் 26 பேரைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் இந்த முறிவு இருந்தது. வேகப்பந்து வீச்சாளர்களையும் ஜிம்னாஸ்டிக் வீரர்களையும் பாதிப்பது இதே வகை முறிவுதான். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பதின்பருவத்தில் இது எளிதாக வரும். பின்னால் சாயும்போது கீழ்முதுகின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று 15 வயதுப் பையன் சொன்னால், ‘தசைப்பிடிப்பு, போகப்போகச் சரியாயிடும்’ என்று அனுப்பிவிடக் கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடக்கூடிய முறிவு அது.

இவ்வளவும் படித்தபின் பாரம் தூக்குவதே ஆபத்து என்று நினைத்தால் அது தவறு. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒலிம்பிக் பளுதூக்குதலில் 1,000 மணி நேரப் பயிற்சிக்கு 2.4 முதல் 3.3 காயங்களும், பவர்லிஃப்டிங்கில் 1.0 முதல் 4.4 காயங்களும் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. சின்னச் சின்னக் காயங்களும் இதில் அடக்கம். கால்பந்துப் போட்டிகளில் இதைவிட அதிகம். முறையாகத் தூக்குவது எலும்பை அடர்த்தியாக்குகிறது, முதுகுத் தசையை வலுவாக்குகிறது. நாட்பட்ட முதுகுவலிக்கே டெட்லிஃப்டைச் சிகிச்சையாகக் கொடுக்கும் உடலியக்க மருத்துவர்கள் உண்டு.

ஆனாலும் எல்லையில்லாமல் தூக்கியதன் விலை என்ன என்பதற்கு உடற்கட்டு வீரர் ரோனி கோல்மனின் முதுகு கண்முன் இருக்கிறது. 1998 முதல் 2005 வரை தொடர்ந்து எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர். 800 பவுண்ட், அதாவது 363 கிலோ பாரைத் தோளில் வைத்து இரண்டு முறை ஸ்குவாட் செய்த காட்சி இன்றும் ஜிம் சுவர்களில் உள்ள தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் பத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வாழ்கிறார். வருத்தம் உண்டா என்று கேட்டபோது, அந்த எடையை இன்னும் இரண்டு முறை தூக்காமல் விட்டதுதான் வருத்தம் என்றவர் அவர். அந்த மன உறுதியை மதிக்கலாம். ஆனால் அவருடைய உடலும் தொழிலும் வேறு. வேலை முடிந்து மாலை ஒரு மணி நேரம் ஜிம்முக்கு வருபவர் அந்தக் காட்சியைப் பார்த்துப் பிளேட்டை எடுப்பது பொருத்தமில்லாத ஒப்பீடு.

பிடித்துக்கொண்டபின்

தூக்கும்போது முதுகில் ஏதோ ‘சடக்’ என்றால் பாரைக் கீழே போட்டுவிட வேண்டும். மெதுவாக இறக்கிவைக்க முயல்வது இன்னொரு தூக்கலுக்குச் சமம். முதல் ஓரிரு நாள் வலிக்கு ஏற்ற ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், மருத்துவர் சொன்ன வலிநிவாரணி. அதற்குமேல் படுக்கை உதவாது. 1986-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு, ஏழு நாள் படுத்தவர்களைவிட இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு என்று காட்டியது. மெதுவாக நடப்பதே நல்ல மருந்து.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது: இவை அடிமுதுகு நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளங்கள். அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் இழப்பு நிரந்தரமாகலாம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவதும் தள்ளிப்போடக்கூடியதல்ல. காலில் மரப்போ பலவீனமோ இருக்கும்போது, சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிக்கவும் இழுத்து முறிக்கவும் யாரையும் அனுமதிக்கக் கூடாது.

இத்தகைய அறிகுறி இல்லாதவர்கள் முதல் நாளே எம்ஆர்ஐ எடுக்க ஓட வேண்டியதில்லை. எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கணக்கின்படி, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானமும் 30 சதவீதம் பேருக்கு வட்டு வீக்கமும் இருந்தன. 80 வயதில் அவை 96, 84 சதவீதம். ரிப்போர்ட்டில் இருக்கும் ‘பல்ஜ்’ என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் குனியப் பயப்படுகிறவர்கள் ஏராளம். உண்மையில் பிதுங்கிய கூழை உடலே மெல்ல அரித்துக் கரைக்கும். பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்ததுதான் அதிகமாகச் சுருங்குகிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் சிலர்தான்.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2018 ஏப்ரலில் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். சில வாரங்களில் கீழ்முதுகு வலி தொடங்கியது. அந்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். உலக சாம்பியனாக இருந்தவர், நாடே பதக்கத்தை எதிர்பார்த்திருந்த நேரத்தில் எடுத்த முடிவு அது. 2019 பிப்ரவரியில் தாய்லாந்தில் மீண்டும் மேடை ஏறி மொத்தம் 192 கிலோ தூக்கினார். 2020-ல் அமெரிக்கா சென்று, உடலியக்க மருத்துவர் ஆரன் ஹோர்ஷிக்கிடம் உடலின் சமநிலைக் குறைகளைச் சரிசெய்துகொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கியது அப்போதைய உலக சாதனை. மூன்று மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோவுக்கு வெள்ளி.

சாதாரணமானவர் திரும்பி வரும் வழியும் இதே வரிசைதான். முதலில் நடை. பிறகு மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள்: ஒரு முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடலைப் பலகையாக வைத்திருப்பது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. கால் வலி போய் முதுகில் விறைப்பு மட்டும் மிச்சமிருக்கும் கட்டத்தில் கம்புப் பயிற்சி. அதன்பின் 20 கிலோ வெறும் பார், தரையிலிருந்து அல்ல, முழங்கால் உயரக் கட்டையின் மேலிருந்து. மறுநாள் காலை எழும்போது வலி கூடாமல் இருந்தால் அடுத்த முறை ஒருபக்கம் 2.5 கிலோ. கட்டையின் உயரத்தை வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து தரையைத் தொடலாம். தொடாமலும் இருக்கலாம்: போட்டி மேடைக்குப் போகாத ஒருவர் தரையிலிருந்துதான் தூக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அறுகோணப் பாரின் நடுவில் நின்று தூக்கினால் எடை உடலின் இரு பக்கமும் இருக்கும், முன்னால் தூரமே குறைவு. பலருக்கு அது போதும்.